மூடி மேல் நின்ற அம்மன்

சங்கரன்கோவில்
9.12.2024

தம்பி மருதப்பனுக்கு அக்கா பிச்சம்மாள் எழுதிக்கொண்டது.

நான் இருக்கிறேன். சர்க்கரை நூற்றெண்பது. முழங்கால் பழைய மாதிரிதான். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

தினமும் போன் செய்கிறாய். அடிக்கிற சத்தம் கேட்கத்தான் செய்கிறது. எடுக்க மாட்டேன். மதுரை ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "இனி உன் கொரலு என் காதுல விழப்படாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். கடிதத்துக்குக் குரல் கிடையாது, அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து. சிரிக்காமல் படி.

அனுவின் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். என் பேத்திக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.ஐ. எழுத்துப் பரீட்சையில் பாஸாகி, ஓட்டப் பரீட்சைக்காக விடியுமுன் எழுந்து வாசுதேவநல்லூர் குளத்தங்கரையில் ஓடினவள். "இனி அந்த வேல கெடைக்காது ஆச்சி, விடுங்க" என்று அவள் எனக்குச் சொல்கிறாள். நான் அவளுக்குச் சொல்ல வேண்டியதை.

டிராக்டருக்குப் பின்னால் கார் இடித்தது லேசாகத்தானாம். ஓட்டிக்கொண்டு போன மாப்பிள்ளை செல்வக்குமாருக்கு மூக்கில் ஒரு சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள் ராஜேஸ்வரிக்கு அதுகூட இல்லை. முன்சீட்டில் இருந்த பிள்ளையின் முகத்தில்தான், நீ பதித்துக் கொடுத்த பித்தளை அம்மன் வந்து அடித்தது. உள்ளே மடித்து வைத்திருந்த பை வெடித்து விரிந்து, அரைக் கிலோ அம்மனைத் தூக்கி எறிந்ததாம். இன்சூரன்ஸ்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, "ஏர்பேக் மூடியப் பட்டி போட்டு அடைச்சு, அதுமேல செலையும் வச்சிருக்கான். யாருய்யா இந்த வேலயப் பாத்தது?" என்று கேட்டிருக்கிறார். என் மகள் உன் பெயரைச் சொன்னாள். தாய்மாமன் பெயரை.

யோசித்துப் பதில் எழுது.

பிச்சம்மாள்


கோயம்புத்தூர்
17.12.2024

அன்புள்ள அக்காவுக்கு மருதப்பன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். உன் சர்க்கரையைப் பார்த்துக்கொள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முந்திப் போடுகிறாயா, பிந்தியா?

வேலையைப் பார்த்தது என் கைதான் அக்கா. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவனை நீ வாசலிலேயே திருப்பி அனுப்பினாய். மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "இந்தப் பக்கம் வந்துராதீங்க" என்றார். அதனால் வரவில்லை. பயந்து வராமல் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே.

என் கார் உள்வேலைப் பட்டறையில் இப்போது சீட்டு உறையும் மேற்கூரைத் துணியும் மட்டும்தான் செய்கிறோம். ஏர்பேக் மூடி என்று யார் வந்தாலும் புதுசு வாங்கி மாட்டச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

அனு சாப்பிடுகிறாளா? அதை மட்டுமாவது எழுது.

உன் தம்பி
மருதப்பன்


சங்கரன்கோவில்
30.12.2024

தம்பிக்கு,

குளிர் விழுகிறது. முழங்கால் இன்னும் கொஞ்சம் கூடுதல். மாத்திரை பிந்திதான்.

அனு சாப்பிடுகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? விபத்து நடந்ததிலிருந்து ராஜேஸ்வரி என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. நான் வாசுதேவநல்லூர் போனால் தண்ணீர் கொடுக்கிறாள், பேசுவதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏம்மா, மாமா தெரிஞ்சவருதான? அந்த எடத்துல போயி ஏன் வச்சாரு?" நான் என்ன சொல்லட்டும்?

உனக்குச் செய்யத் தெரிந்ததெல்லாம் இப்படித்தான். உன் கல்யாணப் பத்திரிகையில் என் வீட்டுக்காரர் பெயரை நாலாவது வரியில் போட்டாய். உன் சம்சாரத்தின் சித்தப்பா இரண்டாவது வரி. அப்பா பதினாறாம் நாள் பந்தியில் எனக்குப் பாயசம் வரவில்லை. நீ வாளியோடு என்னைத் தாண்டிப் போனாய், பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தாய். அம்மா போன அன்றைக்கு மூன்று மணிக்கு எடுத்தோம். கடைசிப் பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன், மூன்றேகாலுக்கு வந்து இறங்கினாய். பஸ் பஞ்சர் என்றாய். எந்த இடத்தில் பஞ்சர் என்று கேட்டதற்கு இரண்டு இடம் சொன்னாய்.

ராஜேஸ்வரிக்கு ஒரு கடிதம் எழுது. உன் புத்தியில்தான் வைத்தாய் என்று எழுது. என் வாசலில் நடந்த வேலை என்று என் மேலும் ஒரு சந்தேகம் அவளுக்கு. அது தீர்ந்தால்தான் அவள் இந்த வீட்டுக்கு வருவாள். எனக்கு அவளையும் அனுவையும் விட்டால் யார் இருக்கிறார்கள்?

பிச்சம்மாள்


கோயம்புத்தூர்
8.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெந்நீர் ஒத்தடம் கொடு. தைலத்தை மட்டும் தேய்த்துவிட்டு இருந்துவிடாதே.

உனக்குப் புரியும்படி ஒன்றை எழுதுகிறேன். டேஷ்போர்டில் அந்த மூடிக்கு அடியில் ஒரு பை மடிந்து கிடக்கும். வண்டி மோதினால், இமை மூடித் திறப்பதற்குள் அது விரிந்து ஆளைத் தாங்கும். மூடியின் அடிப்புறம் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு கீறியிருப்பார்கள். பை அந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

நம் ஊர் வெயிலில் நின்று நின்று மாப்பிள்ளை வண்டியின் மூடி அந்தக் கோட்டிலேயே வெடித்திருந்தது. வெடிப்பில் ரெசின் பசை ஊற்றி, பட்டி மாவு இழுத்து, தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். கோடு அடைபட்டுப் போகும். அப்புறம் பை வரும்போது மூடி துண்டு துண்டாகத் தெறிக்கும். மேலே என்ன இருந்தாலும் அதையும் சேர்த்து அடிக்கும். அதனால் மூடியை மாற்ற வேண்டுமே தவிர ஒட்டக் கூடாது. மேலே ஒரு எலுமிச்சம்பழம்கூட வைக்கக் கூடாது.

சிலை இல்லாமல், வேறு மூடி மாற்றியிருந்தால், அனுவுக்கு முகத்தில் இரண்டு நாள் எரிச்சல் இருந்திருக்கும். அவ்வளவுதான்.

இதையெல்லாம் அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும்.

மருதப்பன்


சங்கரன்கோவில்
20.1.2025

தம்பிக்கு,

உன் கடிதம் பொங்கல் கழித்து வந்தது. உடம்பு பரவாயில்லை. பனங்கிழங்கு வாங்கினேன், அவிக்கவில்லை.

நீ சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பிச்சம்மாள்


கோயம்புத்தூர்
3.2.2025

அக்காவுக்கு,

எல்லோரும் நலம்.

பஞ்சர் என்று நான் சொன்ன இரண்டு ஊர்ப் பெயரும் உனக்கு நினைவிருக்கிறது. வேட்டிக் கரை நினைவிருக்கிறது. இது இல்லை. சரி, நான் சொல்கிறேன்.

போன வருடம் ஆடித்தபசுத் திருவிழா. ராஜேஸ்வரி, மாப்பிள்ளை, அனு மூன்று பேரும் கோவிலுக்குப் போய்விட்டார்கள். வண்டி உன் வாசலில் நின்றது. அம்மா போனதிலிருந்து பதினோரு வருடம் நீ என்னோடு பேசவில்லை. யாரோ வரச் சொன்ன மாதிரி நானாகத்தான் வந்து உன் வாசலில் நின்றேன். நீ, "ஏலே, உன் சாமான்லாம் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டாய். பதினோரு வருடம் கழித்து முதல் வார்த்தை.

"இந்த அம்மன இந்த எடத்துல ஆடாம அசையாம வச்சுக் குடு" என்றாய்.

"வேண்டாம்க்கா, இது ஏர்பேக் மூடி" என்றேன்.

"டேப்பு வச்சு ஒட்டுனது வெயிலுக்கு எளகி அம்மன் குப்புற விழுந்துட்டா. அப்படியே போட்டுரச் சொல்லுதியா?"

"வேண்டாம், நடுவுல வச்சுத் தாரேன்."

"நடுவுல பாட்டுப்பெட்டி. பாட்டுப்பெட்டிக்குப் பக்கத்துல ஒடுங்கி நிக்கணுமோ எங்க அம்மன்?"

மூடியில் வெடிப்பைக் காட்டி, அடியில் பை இருப்பதைச் சொல்லி, மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றேன். அப்போது நீ சொன்னாய்: "அம்மாவுக்குக் கொள்ளி வைக்கத்தான் நேரத்துக்கு வரல. அம்மனுக்காவது ஒரு எடம் குடுக்க மாட்டியால?"

அதற்கப்புறம் சாமானை எடுத்தேன். வெடிப்பில் ரெசின் ஊற்றி, பீடத்தை அதிலேயே பதித்தேன். நீ எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாய். அவர்கள் திரும்பி வந்ததும், "என் தம்பி அவனாவே ஆசையா வச்சுக் குடுத்தான்" என்று சொன்னாய். என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னாய். எனக்கும் அன்றைக்கு அது இனித்தது.

இப்போது மாப்பிள்ளை போலீசில் மனு கொடுத்திருக்கிறார். பத்தாம் தேதிக்கு மேல் வாசுதேவநல்லூர் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலையைப் பார்த்தவன் நான், தெரிந்தவனும் நான், தண்டனையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. என் அக்கா மகள் என்னை என்னவென்று நினைக்கிறாள் என்பதுதான் என் கவலை. ராஜேஸ்வரியிடம் ஒரு வார்த்தை சொல். அவன் மூன்று தடவை வேண்டாம் என்றான் என்று சொல். வேறு ஒன்றும் வேண்டாம்.

பதில் எதிர்பார்க்கும்
மருதப்பன்


கோயம்புத்தூர்
21.3.2025

அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. முடியாமல் படுத்துவிட்டாயோ என்று, உன் எதிர்வீட்டு மூக்காண்டிக்குப் போன் செய்து கேட்டேன். "நல்லா இருக்காவ, மார்க்கெட்டுக்குப் போயி பூக்காரிட்ட சண்ட போட்டுட்டு வாராவ" என்றார். சந்தோஷம்.

ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் பெஞ்சில் உட்கார்ந்து, நீ வருவாய் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை பார்க்கவில்லை. யார் சொல்லியும் இல்லை, என் புத்தியில்தான் வைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதன் நகல் ராஜேஸ்வரிக்கும் போயிருக்கிறது. மாப்பிள்ளை மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இனி அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் வரக் கூடாது என்று நாலு பேரை வைத்துச் சொன்னார். சரி என்றேன்.

நீ டிசம்பரில் எழுதச் சொன்னது இதுதான். எழுதிவிட்டேன். பிள்ளைகள் வருவார்கள். கண்ணைப் பற்றி அனுவிடம் எதையும் துருவிக் கேட்காதே.

மருதப்பன்


சங்கரன்கோவில்
15.4.2025

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி அவர்கள் வந்தார்கள். ராஜேஸ்வரி படி ஏறும்போதே அழுதாள். அனுவுக்குக் கண் வைத்திருக்கிறார்கள். நிறமெல்லாம் சரியாக இருக்கிறது. அது திரும்பாது, அவள்தான் முகத்தையே திருப்புகிறாள். இலையில் அவளுக்கு இடது பக்கம் வைத்த உப்பையும் ஊறுகாயையும் தடவித்தான் எடுத்தாள். நான் இனி எல்லாவற்றையும் வலது பக்கம் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு ராஜேஸ்வரி தன் கல்யாண ஆல்பத்தை எடுத்து வரச் சொன்னாள். உன் படம் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். நீ அவள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருகிற படம். மாலை போடுகிற படம். மொத்தம் ஏழு. கத்தரிக்கோல் கேட்டாள். உன்னை மட்டும் வெட்டினாள். மாலை படத்தில் உன்னை வெட்டினால் அவள் தோளும் போகும். தோளோடு வெட்டினாள்.

கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது நான். அப்புறம் அடுப்படிக்குப் போய் அப்பளம் பொரித்தேன். சாப்பாடு முடிந்த பிறகு எதற்கு அப்பளம் என்று யாரும் கேட்கவில்லை.

நீ ஏன் கையெழுத்துப் போட்டாய்? நான் ஆயிரம் எழுதுவேன். நான் எழுதினால் நீ செய்துவிடுவாயா? ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

பிச்சம்மாள்


சங்கரன்கோவில்
2.6.2025

தம்பி மருதப்பனுக்கு,

ஏப்ரல் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடாதது உன் இஷ்டம். இதற்குப் போடு.

போன ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூர் போனேன். ராஜேஸ்வரியையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துச் சொன்னேன். அம்மனை அங்கே வைக்கச் சொன்னது நான். அவன் மாட்டேன் என்றான். நான்தான் விடவில்லை. இதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

ராஜேஸ்வரி என்ன சொன்னாள் தெரியுமா? "போதும்மா. மாமா போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு, யாரு சொல்லியும் இல்லன்னு. நீங்க இப்பத் தம்பிக்காகப் பழியத் தூக்கிட்டு வாரீங்க. எம்பிள்ள கண்ணு போயிருக்கு, உங்களுக்குத் தம்பி பெருசாப் போயிட்டானா?"

"நெசமாத்தான் சொல்லுதேன்ட்டி" என்றேன்.

"நெசம்னா ஆறு மாசம் எங்க போச்சு அந்த நெசம்? நீங்க எதையாவது மறக்கக்கூடிய ஆளா?" என்றாள்.

மாப்பிள்ளை, "விடு ராஜி, அத்தைக்கு வயசாயிட்டு" என்றார். மருதப்பா, என்னை யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்லை. நான் சொன்னதைப் பொய் என்று நம் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக என்னையே குற்றம் சொல்லி ஒன்று சொன்னேன், அது செல்லவில்லை. உன் காகிதம்தான் செல்கிறது.

நீ ராஜேஸ்வரிக்கு எழுது. நடந்ததை எழுது. மூன்று தடவை மறுத்ததை, நான் கொள்ளியைச் சொன்னதை, எல்லாவற்றையும். பிப்ரவரியில் எனக்கு எழுதினாயே, அதே மாதிரி எழுது. உன் கையெழுத்தில் போனால்தான் நம்புவாள்.

உன் அக்கா
பிச்சம்மாள்


கோயம்புத்தூர்
15.6.2025

அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. ஆல்பத்தைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

முதல் தடவை நீ சொன்னதைச் செய்தேன், பிள்ளைக்குக் கண் போயிற்று. இரண்டாம் தடவை நீ சொன்னதைச் செய்தேன், எனக்கு அந்த வீடு போயிற்று. மூன்றாம் தடவை சொல்லாதே. எழுத மாட்டேன்.

உன் மேல் கோபத்தில் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ கடிதத்தில் 'நான்தான் விடவில்லை' என்று எழுதியிருப்பதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் இந்த ஒரு வரி போதும் என்றுதானே கேட்டேன்? இப்போது இது எனக்கு வேண்டாம். நீயே வைத்துக்கொள்.

என் பங்கு என்னிடம் இருக்கிறது. ரெசினைக் கலக்கும்போது எனக்குத் தெரியும். அக்கா பேசுகிறாளே என்ற சந்தோஷத்தில் தெரிந்தே கலக்கினேன். நான் அதோடு இருந்துகொள்கிறேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முந்திப் போடு.

மருதப்பன்


சங்கரன்கோவில்
30.6.2025

தம்பிக்கு,

முந்திதான் போடுகிறேன்.

அனு தனியாக பஸ் ஏறி வந்தாள். விபத்துக்குப் பிறகு தனியாக வந்தது இதுதான் முதல். வாசுதேவநல்லூரில் நான் சொன்னதை உள் அறையில் இருந்து கேட்டிருக்கிறாள். வந்து உட்கார்ந்து, "ஆச்சி, அன்னைக்கு நடந்தத ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நீ எழுதியதில் விட்டுப்போனதையும் சொன்னேன். முதல் தடவை மறுத்தபோது நீ திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாய். இரண்டாம் தடவை, இடித்தால் முன்சீட்டில் இருக்கிற ஆளுக்குத்தான் ஆபத்து என்றாய். முன்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொள்ளியைச் சொன்னேன். சொன்னால் நீ அடங்கிவிடுவாய் என்று அதுவும் தெரியும். பதினோரு வருடம் அந்த வார்த்தையை அதற்காகத்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

அனு முழுசாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "அம்மா நம்பல. நான் நம்புதேன் ஆச்சி. நீங்க உங்களத் தப்பாச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அப்பன்னா இது நெசந்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எழுந்து கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "புளியங்குடி பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள். நாலு இருபது என்றேன். "அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். இனி நீங்க அங்கன வர வேண்டாம். நானும் வரல" என்றாள். சோறு ஆக்கியிருந்தேன், எல்லாவற்றையும் வலது பக்கம் வைத்து. இலையைப் பார்த்தாள், உட்காரவில்லை.

செருப்பு மாட்டும்போது, "கோயம்புத்தூர் தாத்தா நம்பர் என்ன?" என்று கேட்டாள். பத்து எண்ணையும் பார்க்காமல் சொன்னேன். அவள் முகத்தை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

இன்றைக்கோ நாளைக்கோ அவள் கூப்பிடுவாள். எடு. என்னைப் பற்றிக் கேட்டால் இருந்ததை இருந்தபடி சொல், எனக்காக ஒன்றையும் குறைக்காதே. நான் கூப்பிட மாட்டேன்.

பிச்சம்மாள்